அப்பாவோடு போன இண்டர்வியூ

எங்கள் தெருவில் வேலை கேட்டுப் போவதற்கென்று ஒரு முறை இருந்தது. பையனுக்கு மீசை அரும்பியதும் அப்பன் தான் வேலை பார்க்கும் மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போய் மேஸ்திரி முன்னால் நிறுத்துவான். யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரே ஒரு கேள்வி. அப்பன் ஒழுங்கானவன் என்றால் பிள்ளைக்கும் வேலை. அவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

நான் பெண், எனக்கு மில் இல்லை. அதனால் பள்ளிக்கூடம் முடித்து டைப்ரைட்டிங் படித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் மில்லைப் பூட்டிவிட்டார்கள். தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வீட்டில் உட்கார்ந்தார். நான் ஒரே பிள்ளை. தட்டாஞ்சாவடியில் புதிதாக வந்த மருந்துக் கம்பெனி டைப்பிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டபோது, அது கிடைத்தால்தான் அடுத்த மாதம் உலை கொதிக்கும் என்ற நிலைமை.

அப்பா கூடவே கிளம்பினார். இப்போதெல்லாம் யாரும் அப்பாவை அழைத்துக்கொண்டு போவதில்லை என்று எவ்வளவோ சொன்னேன், காதில் ஏறவில்லை. சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். பின்னால் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் நான் உம்மென்று இருந்தேன். கம்பெனி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நம்பமாட்டீர்கள், நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருஷ சர்வீஸ், ஒரு மெமோகூட வாங்காதது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். வேலை கொடுக்கிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஓரத்தில் இருந்த இளைஞர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேலை உங்களுக்கா, உங்கப்பாவுக்கா?" என்றார்.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. என்னிடம் என்ன நல்லது இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, அப்பா வாசலில் நிற்கிறார், வேண்டுமானால் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கண்ணாடிக்காரர் நிஜமாகவே ஆளனுப்பி அப்பாவை வரவழைத்தார்.

அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வீட்டில் என்னை ஒரு வார்த்தை மெச்சியதில்லை அவர். கோபக்காரிதான், ஆனால் அரை மணியில் அடங்கிவிடுவாள் என்று ஆரம்பித்தார். மில்லைப் பூட்டிய அன்று வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, நான் ஒருத்திதான் சோற்றைப் போட்டுவைத்து அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேனாம். அதை அவர் மனதில் வைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண் நிறைந்துவிட்டது. மனுஷர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். காலையில எழுந்திரிக்க மாட்டா. முன்னல்லாம் மில்லு சங்கு ஊதும், அதக் கேட்டுத்தான் எங்க தெருவே எழுந்திரிக்கும். இப்ப சங்கு ஊதறதில்ல."

எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இளைஞர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அப்பா மேசையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆனா நேரத்துக்கு வந்துடுவா சார். நான் எழுப்பி அனுப்பிடுவேன். எனக்கு இப்ப வேற வேல இல்ல."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடச் சொன்னார்.

திங்கட்கிழமை இன்னும் விடியவில்லை. அப்பா குளித்து, சட்டை மாட்டி, தலை வாரி, வேலைக்குப் போகிறவராக என் பாய் அருகில் வந்து நின்று என்னை எழுப்பினார்.