வராத கார்டுக்காக விற்ற கார்டு

கடைத்தெருவில் என் தம்பிக்கு 'வதந்தி' என்று பெயர். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். படமும் வீடியோவும் வேகமாக ஓடக் கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற கிராபிக்ஸ் கார்டு என்றால் அவனுக்குப் பைத்தியம். அடுத்து வரப்போகிற கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வேகம், எவ்வளவு கரண்ட் இழுக்கும், எந்தப் பெட்டிக்குள் நுழையாது என்று அதைச் செய்கிற கம்பெனிக்கே தெரியாததெல்லாம் இவனுக்குத் தெரியும். எங்காவது ஒரு மங்கலான படம் கசிந்தால் போதும், சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இவனுக்கு வாய்த்த எதிரி எதிர்க்கடைக்காரர். இவனுக்கு ஒரு கார்டு கம்பெனி உயிர் என்றால் அவருக்கு இன்னொன்று. இருவரும் அவரவர் வாசலில் நின்றே சண்டை போடுவார்கள்.

"உங்க கார்டை மாட்டினா தெருவுக்கே கரண்ட் போயிடும் அண்ணே!"

"உன்னுது முதல்ல வரட்டும்யா. வருது வருதுன்னு சொல்லியே வாயில நுரை தள்ளிடுச்சு உனக்கு!"

மவுஸ் வாங்க வந்தவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள். கட்டுவதற்கு முன்பே உள்ளே நடந்துபோவதுபோல் வீடியோ செய்து தருவேன். "நீ கம்பெனி வேலையை விடுக்கா, மெஷின் என் பொறுப்பு" என்று தைரியம் சொன்னவன் தம்பிதான். வேலையை விட்ட அன்று மேனேஜர் மட்டும் சிரித்தார். "எப்ப வேணும்னாலும் திரும்பி வாங்கம்மா, நாற்காலி இருக்கும்." அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முதல் பெரிய வேலையாக ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு கிடைத்தது. சரியாக முடித்தால் அவர்களுடைய மற்றக் கட்டடங்களும் எனக்கே. சொதப்பினால் அந்த நாற்காலிதான். எல்லாம் வரைந்தாயிற்று, வீடியோவாக்குவதுதான் பாக்கி; அதற்குப் பெரிய கார்டு வேண்டும். நான் இடத்தைப் பார்க்கப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பி என் மெஷினிலிருந்த கார்டைக் கழற்றி விற்றுவிட்டான்.

"புதுசு அடுத்த வாரம் வந்துடும்கா. வந்துட்டா இதை எவனும் சீண்ட மாட்டான். இப்பவே தள்ளிவிட்டாதான் உண்டு."

அடுத்த வாரம் வந்தது, கார்டு வரவில்லை. வெளியீட்டைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று கம்பெனியே அறிவித்துவிட்டது. அன்று காலையே மருத்துவமனையிலிருந்து போன்: நாளை மாலை கூட்டம், வீடியோ வேண்டும்.

"உன்னை நம்பினதுக்கு நல்லா செஞ்சேடா!" என்று கத்தினேன். அவன் கடையிலும் பெரிய கார்டு ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருந்தான். கடைத்தெருவில் கார்டு விற்கிற மிச்சக் கடை எதிர்க்கடைதான்.

"அவர்கிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்."

"சாகிறதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப நட."

எதிர்க்கடைக்காரர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். காலி.

"போன வாரமே எல்லாத்தையும் வித்துட்டேன்மா. இவன்தானே வாசல்ல நின்னு கத்தினான், புதுசு வந்தா பழசெல்லாம் குப்பைன்னு."

தம்பி வாயைப் பிளந்தான். "நான் சொல்றது எல்லாம் புளுகுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"வாய்தான்யா அப்படிச் சொல்லும். உன்னை நம்பாம வேற யாரை நம்புறது?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் பேச்சை அப்படியே நம்பிய ஒரே மனுஷர் அவர்தான். எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது.

அவரே யோசனையும் சொன்னார். சின்னக் கார்டு போட்ட மெஷின்கள் இரண்டு கடையிலும் இருந்தன. இருவருமே 'பொம்மை' என்று ஒதுக்கியவை. வீடியோ என்பது ஆயிரக்கணக்கான தனிப்படங்கள்தானே, மெஷினுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன? இரண்டு கடையையும் இழுத்துச் சாத்தினார்கள். என் முன்னறையில் கால் வைக்க இடமில்லாமல் பெட்டிகளும் ஒயர்களும் நிறைந்தன.

"உங்க பொம்மை தூங்குது அண்ணே!"

"உன்னுது அடுப்பா கொதிக்குது, விசிறு போ!"

மறுநாள் மதியம் கடைசிப் படமும் முடிந்தது.

கூட்டத்தில் வீடியோ ஓடி முடிந்ததும் தலைமை டாக்டர், "எப்ப கட்ட ஆரம்பிக்கலாம்?" என்றுதான் கேட்டார். மற்றக் கட்டடங்களும் எனக்கே என்று உறுதியாயிற்று. வெளியே வந்ததும் முதல் வேலையாக மேனேஜருக்குப் போன் செய்து, அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

புதுக் கார்டு ஒருவழியாக வந்தது. தம்பி மாட்ட, எதிர்க்கடைக்காரர் டார்ச் பிடித்தார். கடைசி ஸ்க்ரூவை முறுக்கும்போதே தம்பி, "அக்கா, இதுக்கு அடுத்து ஒண்ணு வரப்போகுது பாரு..." என்று ஆரம்பித்தான்.

"ஆமாம்மா, நானும் கேள்விப்பட்டேன்" என்றார் அவர்.

ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.