பதினேழாம் அத்தியாயத்தின் துரோகி

டாக்டர்களின் கிறுக்கலை இருபத்தாறு வருஷம் படித்தவருக்கு எந்தக் கையெழுத்தும் பயம் காட்டாது. தெருவே 'மருந்துக்கடை அக்கா' என்று கூப்பிடுகிற அந்தப் பெண்மணி ஆவணக் காப்பகத்தில் முதல் கடிதக் கட்டைப் பிரித்தபோது, அங்கிருந்த அதிகாரி சிரித்தார்.

"இது உங்களுக்குப் படிக்க வராதும்மா. புள்ளி கிடையாது, இடைவெளி கிடையாது. படிச்சவங்களே திணறுவாங்க."

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் நாலு வரியைக் கடகடவென்று வாசித்தார். அதிகாரி எழுந்துபோய் அவருக்கு நல்ல நாற்காலியாகப் பார்த்து எடுத்து வந்து போட்டார்.

கடை வாசலில் நின்றால் குன்றின் மேல் பாதி இடிந்த கோட்டை தெரியும். பல நூறு வருஷத்துக்கு முன்னால் அதை நாற்பத்தொரு நாள் எதிரிப் படை வளைத்துக் கிடந்தது. நாற்பத்திரண்டாம் நாள் காலையில் கதவு உள்ளேயிருந்து திறந்தது. காவல்காரன் பொன்முடிப்பை வாங்கிக்கொண்டு திறந்துவிட்டான் என்பது ஊரறிந்த கதை. பள்ளிக்கூடத்தில் கேட்ட நாள் முதல் அது அக்காவின் மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், அதையே நாவலாக எழுதினால் என்ன என்று தோன்றிவிட்டது. அதற்காகத்தான் காப்பகத்துக்குப் போனது.

மதியம் இரண்டிலிருந்து நாலுவரை கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அப்போதுதான் எழுதுவார். காகிதம் தீர்ந்தால் மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அட்டையின் உள்பக்கத்தில் எழுதுவார். இருமல் மருந்து கேட்டு வந்தவருக்கு ராஜாவின் வசனத்தையே பதிலாகச் சொல்லி, அவர் மிரண்டுபோனதும் உண்டு.

முதல் வாசகர் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர்.

"முதல் அத்தியாயத்துலயே நாலு ராஜா வர்றாங்க. யாரு எந்தப் பக்கம் திரும்பறாங்கன்னு ஒரு இண்டிகேட்டர்கூட இல்லையேம்மா" என்றார்.

இரண்டு நாள் அக்கா அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு ராஜாக்களை எடுத்துவிட்டார்.

மூன்று வருஷத்தில் நாவல் முடிந்தது. ஐந்து பதிப்பகங்கள் கையை விரித்தன. ஆறாவது பதிப்பாளர் தொலைபேசியிலேயே துள்ளினார்.

"பதினேழாம் அத்தியாயம் ஒண்ணு போதும்மா! அந்தத் துரோகிப்பய பொன்முடிப்பை மோந்து பாக்கறான் பாருங்க, அவனை நாலு அறை விடணும்போல எனக்கே இருந்துச்சு."

அன்று முழுக்க அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் இதே கடைக்கு வருகிறவர்தான். அச்சுப் பக்கங்களையும் ஒருநாள் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா ஆசையாகப் புரட்டினார். பக்கத்துக்குப் பத்து சிவப்புக் கோடு. ஒற்று விட்டது, ழகரம் மாறியது, ஒரே குதிரை இரண்டு நிறத்தில் வந்தது என்று மனுஷன் எதையும் விட்டுவைக்கவில்லை. பதினேழாம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

"இதுல ஒரு தப்புகூட இல்லையா சார்?"

"இருக்கலாங்க. நான் அதைப் படிக்கலை."

"ஏன்?"

அவர் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார். "அந்தக் காவல்காரர் எங்க வம்சம். எங்க வீட்டைக் கதவு வீடுன்னுதான் சொல்லுவாங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கதவு வீடு என்று கேள்விப்பட்டிருக்கிறார். "நீங்க தச்சு வேலை செய்யற குடும்பம்னுல்ல நினைச்சேன்!"

"நிறைய பேரு அப்படித்தான் நினைக்கறாங்க. நாங்களும் அப்படியே விட்டுடுவோம்" என்று அவர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல அந்தப் பாடம் வர்ற அன்னைக்கு எங்கப்பாவே லீவு போடச் சொல்லிடுவாரு."

"அது பொய்யின்னு உங்க வீட்டுல சொல்லுவாங்களா?"

"பொய்யின்னு சொல்ல எங்ககிட்ட என்ன இருக்கு? அவரு வாங்கினாரா இல்லையான்னு எங்களுக்கே தெரியாதுங்க. இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் வேற யாரையாவது வெச்சுத் திருத்திக்கோங்க." குரலில் கோபமே இல்லை. அதுதான் அக்காவைப் போட்டு வாட்டியது.

அவர் போன பிறகு தன் பெட்டி அட்டைகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். பொன்முடிப்பு எங்கிருந்து வந்தது? காப்பகத்தில் படித்த எந்தக் கடிதத்திலும் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுக் காப்பகத்துக்குக் கிளம்பினார். எட்டு நாள் உட்கார்ந்தார். முற்றுகைக் காலத்துக் கடிதம் ஒவ்வொன்றையும் மறுபடி வாசித்தார். அவற்றில் இருந்தது ஒரே ஒரு வரி. 'கிணறு வற்றியது, வாயில் திறக்கப்பட்டது.' திறந்தது யார் என்று இல்லை. பொன் என்ற சொல் முதன்முதலாக வருவது அறுபது வருஷம் கழித்து, யாரோ ஒரு புலவர் எழுதிய பாட்டில்.

காவல்காரன் குற்றமற்றவன் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சீட்டில் எழுதாத மருந்தை அவர் ஒருநாளும் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. கதையில் மட்டும், பேர் தெரியாத ஒரு மனுஷனின் கையில் முடிப்பைத் திணித்து, அவன் அதை மோந்து பார்த்ததாகவும் எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று தானே மெச்சிக்கொண்டிருக்கிறார். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

பதிப்பாளரைக் கூப்பிட்டு, அச்சை நிறுத்தச் சொன்னார்.

"துரோகி இல்லாத சரித்திர நாவலா? விளையாடறீங்களா? அவன் செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆச்சு. கேசா போடப் போறான்?"

"அவரு வரமாட்டாரு. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். அதை மாத்தணும்."

"கதைன்னா அப்படித்தாம்மா!"

"ராஜாவுக்கு ஒரு மச்சம் வெக்கறது கதை. இது வேற."

பதிப்பாளர் பட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு, இரண்டு மாதம் தவணை கொடுத்தார். அதுவும் அரை மனசோடுதான்.

அக்கா பதினேழாம் அத்தியாயத்தை முழுக்கக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் தீர்ந்த கோட்டைக்குள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். உடம்பில் நீர் வற்றினால் உதடு எப்படி வெடிக்கும், குழந்தை அழுதாலும் கண்ணில் நீர் ஏன் வராது என்பதெல்லாம் கடையில் பார்த்ததுதான். கடைசி மூன்று நாளை அப்படியே எழுதினார். விடியற்காலையில் கதவருகே ஒரு கூட்டம் நிற்கிறது. காவல்காரனும் நிற்கிறான். படைத்தலைவனும் நிற்கிறான். குழந்தையை இடுப்பில் வைத்த ஒருத்தியும் நிற்கிறாள். அடுத்த வரியில் கதவு திறந்து கிடக்கிறது.

கணவர் அதை வாங்கிக்கொண்டுபோய்ப் பயிற்சிக் காரில் உட்கார்ந்து படித்தார். திரும்பி வந்து தாளை நீட்டினார். இந்த முறை குறை ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

பிழை திருத்துகிறவருக்கு அக்கா அதை அனுப்பவில்லை. அனுப்பத் தைரியம் வரவில்லை. ஆனால் பதிப்பாளர் அனுப்பிவிட்டிருந்தார். நாலாம் நாள் பக்கங்கள் திரும்பி வந்தன. பதினேழில் இருபத்து மூன்று திருத்தம். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'ழகரம் இன்னும் கவனிக்கவும்.' அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

புத்தகம் வந்தது. நூலகத்தின் சின்னக் கூடத்தில் வெளியீடு. கூட்டம் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. பத்திரிகை ஒன்று 'முக்கியமான இடத்தில் ஆசிரியர் நழுவிவிட்டார்' என்று எழுதியது. பதிப்பாளர் அதை வெட்டி அனுப்பி, 'நான் அப்பவே சொன்னேன்' என்று அடியில் குறித்திருந்தார். கதவு வீடு இன்றைக்கும் கதவு வீடுதான். ஒரு நாவல் வந்ததற்காக ஊர் தன் வாயை மாற்றிக்கொள்ளுமா?

பிழை திருத்துகிறவர் மாதாமாதம் மாத்திரைக்கு வருகிறார். அந்த அத்தியாயத்தைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. போன மாதம், கூட வந்த தன் தங்கையை அக்காவுக்கு அறிமுகம் செய்து வைத்தார். அந்த அம்மாள் புத்தகத்தைப் படித்திருந்தார். கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்க, கதவை யாரு திறந்தது?"

"எனக்குத் தெரியலைம்மா" என்றார் அக்கா.

"எங்களுக்கும்தான்" என்றார் அந்த அம்மாள். பிறகு மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று விசாரித்தார். இரண்டு பேரும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.