பச்சை மூடி பாட்டிலும் அப்பாவின் குளிகையும்

அந்த பாட்டிலின் பச்சை மூடியைத் திருகினால் பூண்டும் நெல்லிக்காயும் கலந்த ஒரு வாசம் குப்பென்று வரும். இப்போது நினைத்தாலும் மூக்கில் நிற்கிறது...

கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் ஒரு மெடிக்கல் ஸ்டோர். டி.பார்ம் முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை. வெள்ளைக் கோட்டு, பாக்கெட்டில் பேனா... என்ன ஒரு கெத்து!

பாட்டிலில் இருந்தது இதயத்துக்கான மூலிகை கேப்சூல். மருதம்பட்டை, பூண்டு, இன்னும் என்னென்னவோ. கடையிலேயே அதை அதிகம் விற்றது நான்தான். எப்படி விற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது?

"இது நாட்டு மருந்தாக்கும் அண்ணே. சைடு எஃபெக்ட் ஒண்ணும் கிடையாது. ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லது."

இவ்வளவுதான். ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு ஆளிடம்கூட நான் கேட்டதில்லை.

அப்பாவுக்கு ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டு வேலை. முந்தின வருஷம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் குளிகை. மாத்திரைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கும் ஒரு பச்சை மூடி கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் மருந்துக்குப் படித்தவள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

கர்க்கடகம் பிறந்தது. உங்களுக்கு ஆடி. மழைக்கு வெட்டு நடக்காது, அதனால் உடம்பைத் தேற்றுகிற மாதம். வீட்டுக்கு வீடு வெந்தயமும் தேங்காய்ப்பாலும் போட்டு மருந்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். கஞ்சி குடிக்கிற நாட்களில் பத்தியம். மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. சிலர் இங்கிலீஷ் மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். ரெண்டு மருந்தும் வயிற்றுக்குள் அடித்துக்கொள்ளுமாம்!

இது எனக்குத் தெரியாத வழக்கமா? தெரியும். எங்கள் வீட்டிலேயே நடக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

கஞ்சி தொடங்கி எட்டாம் நாள் மத்தியானம் அம்மா கடைக்குப் போன் பண்ணினாள். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு முட்டுகிறது, ஆட்டோவில் ஏற்றிவிட்டோம் என்றாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"மருந்து ஒழுங்காச் சாப்பிடுறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாளும் முடக்க மாட்டாரு டாக்டர்." நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "நிறுத்தியாச்சு மக்ளே... கஞ்சி தொடங்குன அண்ணைக்கே."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "நீ தந்த குப்பி இருக்குல்லா மக்ளே... அதும் ஹார்ட்டுக்குள்ளது தானே. சைடு எஃபெக்ட் இல்லாதது இருக்கும்போ மத்தது எதுக்குண்ணு நெனச்சேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

ஸ்டென்ட் அடைத்திருந்தது. திரும்பவும் சரிசெய்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இதயத்தின் பலம் போனது போனதுதான். அதற்குப் பிறகு அப்பா வெட்டுக்கத்தியைத் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்குத் திரும்பினேன். முதலில் வந்தவர் பச்சை மூடிதான் கேட்டார்.

"வேற என்ன குளிகை தின்னுகீங்க அண்ணே?"

ரத்தம் கட்டாமல் இருக்கிற குளிகை என்றார்.

"அதுக்க கூட இத சேக்காண்டாம், சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிக்காது. டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க. பழைய குளிகைய மட்டும் நிறுத்தப்பிடாது, கேட்டியளா?"

அவர் போய்விட்டார். அடுத்த ஆளிடமும் கேட்டேன். அதற்கடுத்த ஆளிடமும்... முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"மோளே, நீ இங்க மருந்து விக்கியதுக்கு நிக்கியா, ஆளுகள வெரட்டியதுக்கு நிக்கியா? நாளை தொட்டு வரண்டாம்."

"வரல்ல முதலாளி. ஆனா இண்ணைக்கு கட அடைக்கியது வரைக்கும் கேப்பேன்."

கேட்டேன். அன்றைக்கு வந்த ஒரு ஆளையும் விடவில்லை.

இப்போது ஒற்றசேகரமங்கலம் பக்கம் எனக்கென்று சின்னதாக ஒரு மெடிக்கல் ஸ்டோர் இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பச்சை மூடி வாங்க மெடிக்கல் ஸ்டோருக்கே போக வேண்டாம். போனில் ஒரு வீடியோ, அடைப்பை அப்படியே கரைத்துவிடும் என்று ஒரு குரல், மறுநாள் வாசலில் பார்சல். அன்றைக்காவது விற்றவள் எதிரில் நின்றேன், என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். அந்தக் குரலை எங்கே போய்ப் பிடிப்பது?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி வருகிற ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன். சித்தி மகன் இரண்டு தடவை என்னைத் தூக்கிவிட்டான். "அக்கா, நீ நம்ம நாட்டு மருந்துக்கு எதிரியாக்கும்" என்கிறான்.

போடா! நேற்றும் மருந்துக் கஞ்சி குடித்தவள் நான். மருதம்பட்டையில் குணம் இருக்கலாம், பூண்டிலும் இருக்கலாம். குணம் இருக்கிற எதுவும் உடம்புக்குள் போய்ச் சும்மா கிடக்காது. அதனால்தான் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு என்று கத்துகிறேன்.

அப்பா இன்றைக்கும் இருக்கிறார். முற்றம் தாண்டி நடந்தால் மூச்சு வாங்கும். யாராவது அந்தக் கதையை எடுத்தால் உடனே முந்திக்கொள்வார்.

"அவ மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்க பொட்டத்தனமாக்கும், புத்தி இல்லாம நிறுத்துனது நான்தானே."

பாவி மனுஷர், அன்றிலிருந்து இதையேதான் சொல்கிறார். அவர் மன்னித்துவிட்டார். நான் என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. குரூப்பிலிருந்து என்னை எத்தனை தடவை வேண்டுமானாலும் தூக்குங்கள்... நாளைக் காலை எட்டு மணிக்குக் கடை திறப்பேன். வருகிற முதல் ஆளிடம் கேட்பேன்.