மில்லிமீட்டரம்மாவின் சிவப்பு எண்கள்

இவ்வளவு பழைய கால்குலேட்டரை இந்த அம்மா ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்? இந்தக் கதையைக் கேள்விப்படுவதற்கு முன் யாராவது என்னைக் கேட்டிருந்தால் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்திருப்பேன்.

அவருக்கு மில்லிமீட்டரம்மா என்று பெயர் வைத்தவர்கள் மேட்டுச் சுவருக்குக் கீழே இருந்த பதினோரு வீட்டுக்காரர்கள். சாலைத் துறையில் நில அளவையாளர் அவர். சரிவைத் தாங்கி நின்ற அந்தச் சுவர் வாரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் முன்னால் சாய்கிறது என்று அளப்பது அவர் வேலை. சாலையின் எதிர்ப்பக்கம் முக்காலி போட்டு, சுவரில் அடித்த ஆணியைக் கருவி வழியே பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு பையிலிருந்து கால்குலேட்டர் வெளியே வரும்.

பாதிச் செங்கல் கனம். வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது. அழுத்தினால் ஒவ்வொரு பொத்தானும் 'டக்' என்று விரலுக்குப் பதில் சொல்லும். எண்கள் சிவப்பாக எரியும். பகல் வெளிச்சத்தில் கையைக் குவித்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் போடும்போது பார்க்க மாட்டார், விடையை மட்டும் பார்ப்பார். அலுவலகம் கொடுத்த கைக்கணினி உறை பிரிக்காமல் கிடந்தது. "அது விடையை மட்டும் சொல்லுது. இதுல ஒவ்வொரு படியும் என் விரல் வழியா போகுது" என்பார்.

முன்பெல்லாம் வேலை தொடங்கும் முன் வரிசையாக எட்டுகளை அழுத்திப் பார்ப்பார். எட்டுக்குத்தான் ஏழு கோடும் எரியும். எந்தக் கோடாவது செத்திருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் ஏழு கோடும் எரிந்தால் பேட்டரி அதிகம் தின்னும். அந்த பேட்டரி இப்போது எந்தக் கடையிலும் இல்லை. மழைக்காலம் முடியும் வரையாவது தாங்கட்டும் என்று எட்டு போடுவதை நிறுத்தியிருந்தார்.

நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில் அளந்தார். சுவரின் அடியில் செம்மண் கலந்த தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. போன வாரம் நகர்வு இரண்டு. இந்த வாரம், குவித்த கைக்குள், ஆறு.

ஏழு வந்தால் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். அதுதான் விதி. பொறியாளருக்கு போன் போட்டு "ஆறு" என்றார். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஆறு ஆறுதான்.

நடு வீட்டில் அவருடைய அக்கா குடியிருந்தார். மில்லிமீட்டரம்மா நனைந்த குடையை அந்த வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

"வாடி மில்லிமீட்டர். என் வீடு இன்னைக்கு நிக்குமா, இல்ல மூட்டையக் கட்டவா?"

"ஆறுதான். இருக்கலாம்."

"போன வாரத்துக்கு இது எத்தனை மடங்கு? கதவு காலையிலேர்ந்து சாத்த மாட்டேங்குது, அதான் கேக்குறேன்."

அவசரத்தில் அணைக்காததால் விடை இன்னும் கால்குலேட்டரிலேயே இருந்தது. மூன்று மடங்கு என்று வாய்க்கணக்கிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் விரல் தன் பழக்கத்தில் வகுத்தல் பொத்தானையும் இரண்டையும் தட்டியது.

மூன்று வரவில்லை. ஒரு குட்டி நாற்காலி வந்தது. முதுகு, உட்காரும் பலகை, ஒரு கால்.

"என்னடி பேயடிச்ச மாதிரி பாக்குற?"

அவர் எட்டுகளை வரிசையாக அழுத்தினார். கடைசி எட்டு மட்டும் ஆறாக நின்றது. வலது மேல்கோடு செத்திருந்தது. அந்த நாற்காலி, கோடு போன நான்கு. நான்கு வந்தது என்றால் வகுபட்டது எட்டு. கால்குலேட்டர் உள்ளே சரியாகத்தான் போட்டிருந்தது. அதன் முகத்தை அவர்தான் சோதிக்கவில்லை.

"அக்கா, எந்திரி. எட்டு."

பொறியாளர் போனில் சிரித்தார். "காலையில ஆறு, இப்ப எட்டு. சாயங்காலம் என்ன, பத்தாம்மா? அந்த டப்பாவத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன். நாளைக்கு ஆள் அனுப்பி அளக்கச் சொல்றேன்."

"தப்பு என்னோடது சார். டப்பாவோடது இல்ல. நாளைக்கு வரைக்கும் சுவரு உங்க ஆளுக்காகக் காத்திருக்குமா?"

பொறியாளர் போனை வைத்துவிட்டார். அக்கா அதற்குள் துணிப்பையோடு சாலைக்கு வந்திருந்தார். இருவரும் வீடு வீடாகத் தட்டினார்கள். "நான் காலையில தப்பா படிச்சுட்டேன்" என்று பத்து வாசலில் சொல்லிக் கூனிக்குறுகினார். திட்டிக்கொண்டே என்றாலும் ஒன்பது வீட்டார் கிளம்பினார்கள். பதினோராவது வீட்டு லாரி டிரைவர் அசையவில்லை.

"போன மழைக்கும் இப்படித்தான் கிளப்பிவிட்டீங்க. மூணு நாள் பள்ளிக்கூடத் தரையில படுத்தோம். என்ன ஆச்சு? ஒரு கல்லு உருண்டுச்சா?"

"இல்லப்பா."

"நீங்களே தப்பா படிச்சேன்னு சொல்றீங்க. எந்தத் தப்ப நான் நம்புறது?"

நியாயமான கேள்வி. மில்லிமீட்டரம்மா உள்ளே போய், சுவர்ப்பக்கத்து அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். பின்சுவரில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

"என்னம்மா பண்றீங்க?"

"நீ இருக்கிறவரைக்கும் நானும் இருக்கேன். நான் படிச்ச எண்ணுக்கு நான்தானே பொறுப்பு."

டிரைவர் வாசலுக்கும் கட்டிலுக்கும் நாலு தரம் நடந்தார். பிறகு தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தோளில் போட்டார். "நல்லா இருக்கு! அரசாங்க ஆளு என் வீட்டுல செத்தா, போலீசுக்கு யாரு பதில் சொல்றது? எந்திரிச்சு வாங்க, அம்மா. முதல்ல நீங்க நடங்க."

மறுநாள் காலை பொறியாளரின் ஆள் முக்காலியோடு வந்தபோது ஆணி இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. ஆறு வீடுகள் மண்ணுக்குள் போயிருந்தன. டிரைவரின் வீடு அதில் ஒன்று. ஒரு உயிரும் போகவில்லை.

பிறகு விசாரணை நடந்தது. முப்பது வருஷத்து அளவுகளையும் சந்தேகப்பட்டார்கள். சுவர் வேலையிலிருந்து மில்லிமீட்டரம்மாவை மாற்றிவிட்டார்கள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் "கருவியின் கோளாறு" என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்.

சுவருக்கும் சரிவுக்கும் கீழே குடியிருக்கும் உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். காலையில் ஒரு எண் சொன்னவர் மத்தியானம் திரும்பி வந்து, "தப்பாகப் படித்துவிட்டேன்" என்று வாசலில் நின்றால், சிரிக்காமல் வெளியே வரச் சொல்லுங்கள்.