லினக்ஸுக்குப் பாடி கட்டிய நாமக்கல் பள்ளி

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பேருந்தில் வலதுபக்க ஜன்னலோரம் உட்காருவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குக் காலையில் போகிறவர்களுக்கு வெயில் இடப்பக்கம் அடிக்கும். இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினாலும் உங்களுக்கு நஷ்டமில்லை.

ஜூன் மாதச் சனிக்கிழமை அது. என் கல்லூரித் தோழி ஷபீனா நாமக்கல் அருகே ஒரு விடுதிப் பள்ளியில் கணினி ஆசிரியை. கோடை விடுமுறையில் ஆய்வகத்தின் முப்பது பழைய கணினிகளிலும் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தார். அது தொடரலாமா என்று தாளாளர் அன்று முடிவு சொல்வதாக இருந்தது. வேண்டாமென்றால் பழையவை எடைக்குப் போகும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் பத்துப் புதுக் கணினிகள் வரும். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் கணினியைப் பாடப்புத்தகப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஷபீனா என்னைத் துணைக்கு வரச் சொன்னார். போனேன்.

புதிய பேருந்து நிலையத்தில் எட்டு மணி வண்டி.

“ராசிபுரம் ஊருக்குள்ள போகுங்களா?” என்று நடத்துநரைக் கேட்டேன்.

“போவுமுங்க. நெய் வாங்கோணும்னா எறங்கிக்குங்க, அவசரம்னா பின்னால பைபாஸ் வண்டி வருது. ரெண்டும் இல்லீன்னா பேசாம உக்காருங்க.”

உட்கார்ந்தேன். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒன்றரை மணி நேரம். நாமக்கல்லிலிருந்து பள்ளிக்கு ஆட்டோ.

தாளாளர் பொன்னுசாமி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பள்ளி அதற்குப் பிறகு வந்தது. ஆய்வகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே ஆரம்பித்தார்.

“ஏனுங்க டீச்சர், இத்தன பீஸ் வாங்கிப்போட்டு ஓசி சரக்கப் போட்டிருக்கீங்களேன்னு நாளைக்கு ஒரு அப்பன் கேட்டா நான் என்னங்க சொல்றது?”

ஷபீனா பதற்றத்தைக் காட்டவில்லை. “உங்க பட்டறைக்கு சேஸிஸ் எப்படி சார் வருது?”

“மொட்டையா வருமுங்க. பாடி நம்முளுது. முட்டை ஏத்தறவனுக்கு ஒரு மாதிரி, கம்பி ஏத்தறவனுக்கு ஒரு மாதிரி.”

“இதுவும் அப்படித்தான் சார். திறந்து பார்க்கலாம், நமக்கு வேண்டியபடி மாத்தலாம், பக்கத்து ஸ்கூலுக்கும் கொடுக்கலாம்.”

கட்டற்ற மென்பொருளின் அறம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். அதன் கடைசிப் பகுதியில்தான் தாளாளரின் முகம் மாறியது.

“பக்கத்து ஸ்கூலுக்கா? நாம கஷ்டப்பட்டுப் பண்ணி அவனுக்குக் குடுக்கோணுமா?”

முப்பது கணினிகளும் எடைக்கடைக்குக் கிளம்பிவிட்டதாகவே நினைத்தேன்.

“பட்டறைப் பேரை எழுதாம ஒரு லாரியாவது வெளிய அனுப்பியிருக்கீங்களா சார்?” என்றார் ஷபீனா. “இதிலயும் எழுதலாம். அவங்க கம்ப்யூட்டரைத் திறந்தா முதல்ல நம்ம ஸ்கூல் பேர்தான் வரும்.”

பொன்னுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அவன் ஸ்கூல்ல, நம்ம பேரா? அழிக்க முடியாதுங்களே?”

“முடியும் சார். தெரிஞ்சா அழிக்கலாம்.”

“அவங்கிட்டத் தெரிஞ்சவன் யாருங்க இருக்கறான்! போடுங்க. பேரு மட்டும் பெருசா, செவப்புல.”

இதே வேலையாகப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். சனிக்கிழமை காலை போங்கள்; மதியத்துக்கு மேல் விடுதிப் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் வந்துவிடுவார்கள், தாளாளர் கிடைக்கமாட்டார். ‘இலவசம்’ என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிடுங்கள். சுதந்திரம், சமத்துவம் பற்றித் தயாரித்த உரை பையிலேயே இருக்கட்டும்; எனக்கு அது திரும்பும் வழியில் விசிறியாக உதவியது. பள்ளிப் பெயரை முதல் திரையில் எழுதும் வழியை மட்டும் வீட்டிலேயே இரண்டு தடவை செய்து பாருங்கள்.

ஆறு முதல் எட்டு வரை ஆய்வக வகுப்பு நடக்கிறது. ஆகஸ்டில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முப்பது திரைகளிலும் பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு ‘7-ஆ’ என்று போட்டாள்.