கதவிடுக்கில் போன பாவுக் கயிறு

பட்டுத் தறி போட்ட வீட்டில், தறி நின்ற பிறகு கேட்கிற சத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும். ஓடும்போது அது எவ்வளவு இரைந்தாலும் கைக்குழந்தைகூடத் தூங்கிவிடும். வாடகை வீட்டில் தறி வைத்துக் குடித்தனம் செய்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் குன்றத்தூரில் எங்களுக்குக் கிடைத்தது ஒற்றைக் கூடம் உள்ள வீடு. தறியின் நீளத்துக்கு ஒரு முழம் பற்றவில்லை. நெய்வதற்காக நீளவாக்கில் இழுத்துப் பிடித்திருக்கும் பட்டு இழைகளைப் பாவு என்போம். அதன் பின்கோடியைக் கட்டிய கயிறு வாசற்படியைத் தாண்டி, வெளியே நட்டிருந்த கல்லில் போய் முடிந்தது. கயிறு குறுக்கே போனதால் கதவு நாலு விரற்கடை திறந்தே நின்றது. தாழ்ப்பாள் இருந்தும் போட முடியாது. அம்மிக்கல்லை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுப்பேன்.

என் கணவர் பகலில் நெய்துவிட்டு, இருட்டினால் ஒரு தொழிற்சாலைக்கு நைட் ஷிப்ட் காவலுக்குப் போவார். அந்த வருஷம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு எங்கள் தெருவில் விளக்கு வைத்த கையோடு கதவைச் சாத்தினார்கள், எங்கள் வீட்டைத் தவிர. உள்ளே தூளியில் குழந்தை, தறியில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் புடவை, நான்.

தானாக ஆடிய தறி

அவர் வேலைக்குப் போன முதல் ராத்திரி, தறியின் தலைமேல் ‘டடக், டடக்’ என்று சத்தம். பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி அங்கேதான் இருக்கிறது. விளக்கைப் போட்டால் தறிக்குழியில் ஆளில்லை. இழைகள் மட்டும் நடுங்குகின்றன. குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கான்வென்ட்டில் படித்த ஜெபத்தைப் பாதி சொல்லி மீதியை மறந்தேன். கடைசியில் தைரியம் வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு பசு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் கயிற்றில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

காலையில் அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் நேராகப் போய்ப் பாவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒரு இழகூட அறுந்துபோவல. நல்ல மாடு.”

அவிழ்த்தால் என்ன?

ராத்திரி மட்டும் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் காலையில் கட்டிக்கொள்ளலாமே என்றேன். உங்களுக்கும் இதுதானே தோன்றுகிறது? என் கணவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

“தெனம் அவுத்து தெனம் கட்டினா இழுவ மாறிடும். எங்கெங்க நிறுத்தினோமோ அங்கெல்லாம் புடவைல குறுக்கால கோடு உழும். அப்பறம் கட்டிக்கிறவங்க, நீ எத்தினி ராத்திரி பயந்தேன்னு எண்ணிடுவாங்க.”

சிஸ்டர் சொன்ன சரித்திரம்

புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். அவர் நடுவில், குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை வீசுவார். நான் வலது கைப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவைக் கொடுத்து வாங்குவேன். இரண்டு நிறமும் கைகோத்துக்கொள்ளும் அந்த இடத்தைக் கோர்வை என்பார்கள். வாய் சும்மாதானே இருக்கிறது என்று, பள்ளியில் சரித்திரம் எடுத்த சிஸ்டர் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டேன். சீனாவிலிருந்து பட்டு ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் தாண்டிப் போனது. பூப்போட்ட பட்டை ராஜாக்களும் குருமார்களும் உடுத்தினார்கள். அப்போதெல்லாம் பூ விழ வேண்டிய இழைகளைத் தூக்கிவிடவே தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிறகு பிரான்சில் ஒருவர், அட்டையில் ஓட்டை குத்தி, ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் படுத்திருக்கும் என்று இந்தப் பெட்டியைச் செய்தார்.

அவர் கை ஓயவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேலே தொங்கும் அட்டை மாலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்ளோ சொன்னாங்களே உங்க சிஸ்டர், அந்தாளு வூட்டுக் கதவு மூடிச்சான்னு சொன்னாங்களா?”

கண்ணாடியில் மயில்

புடவைக்கு உரிய பெண்ணின் அம்மா தறியிலேயே பார்க்க வேண்டும் என்று வந்தார். வாசலில் கயிறு தடுக்கி, தறி அதிர்ந்து, தூளி விழித்து, எல்லாம் முடிந்த பிறகு பாவின் மேல் குனிந்தார். முகம் மாறிவிட்டது. “இன்னாம்மா இது, மயிலுக்கு உடம்பெல்லாம் நூலு தொங்குது!”

நாங்கள் நெய்யும்போது பூ வேலையின் நல்ல முகம் கீழே பார்த்திருக்கும். மேலே தெரிவது முதுகு. நான் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தறிக்கடியில் பிடித்தேன். அரக்குப் பட்டில் ஜரிகை மயில்கள் வரிசையாகப் பளபளத்தன. அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, திருப்தியாகப் பார்த்தார். தன் தலையையும் ஒரு தடவை சரிசெய்துகொண்டார். கிளம்பும்போது இந்தத் தடவை கயிற்றைப் பத்திரமாகத் தாண்டி, கதவிடுக்கை அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

“இந்தப் பட்டையும் பச்சப் புள்ளையையும் வெச்சிக்கினு, கதவ தொறந்து போட்டுட்டு கீறியே. தைரியக்காரிதாம்மா நீ!”

கமலம்மாவின் சுவர்

சுவரில் ஓர் ஓட்டை போட்டால் கயிறு அதன் வழியாகப் போய்விடும், கதவு மூடும். ஆனால் சுவர் வீட்டுக்காரம்மா கமலம்மாவுடையது. பின்கட்டில் தனியாக இருந்தார். “எம் மாமனார் எழுப்பின செவுரு. உளி படக் கூடாது” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

ஒரு நாள் போலீஸ் வந்து, புது ஆள் யாராவது குடியிருக்கிறார்களா என்று வீடு வீடாய் விசாரித்துவிட்டுப் போனது. அன்று இருட்டியதும் கரண்டும் போயிற்று. என் தறி ‘டடக்’ என்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனேன். “நான்தாம்மே, கமலம்மா” என்றது இருட்டு. தலையணையோடு கயிற்றில் விழுந்திருந்தார். அம்மிக்கல்லை நகர்த்தி உள்ளே விட்டேன்.

“ஒண்டியா படுக்க முடியல. மொதல்ல கதவ சாத்து.”

“சாத்த முடியாதும்மா. கயிறு.”

அவர் படுத்தார், எழுந்தார், இடுக்கைப் பார்த்தார், மறுபடி படுத்தார். அந்த நாலு விரற்கடையைத் தினமும் நான் எப்படிப் பார்க்கிறேனோ, அப்படியே பார்த்தார். விடிந்ததும் தெருக்கோடியிலிருந்து கொத்தனாரைத் தானே கூட்டிவந்து நிறுத்தினார். என் கணவர் கயிற்றை ஒரே ஒரு தடவை அவிழ்த்து, ஓட்டை வழியே விட்டுக் கட்டினார். புடவையில் ஒரு கோடு விழத்தான் விழுந்தது. கொசுவத்தில் மறைந்துவிடும் என்றார். கொத்தனார், “சின்னதா போதுமா, பெரிசா போடணுமா?” என்று தயங்கியபோது கமலம்மா அதட்டினார்: “கதவு மூடணும். அவ்ளோதான். குத்துய்யா!”

அன்று ராத்திரியும் அவர் தலையணையோடு வந்துவிட்டார். ராஜாக்கள் உடுத்திய துணியை நெய்கிற வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் கிடைக்க, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியும் ஒரு ராத்திரி பயப்பட வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே எழுந்துபோய், கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டேன்.