பால்கனியில் ஒரு கடல்

நான் ஒரு முட்டாள். பொறாமை பிடித்த முட்டாள் என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

அணுபுரத்தில் எங்கள் கீழ்வீட்டு ரஹீம், தானே கண்ணாடி ஒட்டித் தொட்டி செய்து கடல்மீன் வளர்த்தான். மாலையானால் என் மனைவி அதைப் பார்க்கக் கீழே போய்விடுவாள். என்னை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. பொறுக்க முடியாமல் நானும் கண்ணாடி வாங்கி, அவனுடையதைவிட நீளமாக ஒரு தொட்டியை ஒட்டி, பால்கனியில் வைத்தேன்.

"ஒரு வாரம் பசை காயட்டும் மச்சான். இல்லாங்காட்டி புட்டுக்கும்" என்றான் ரஹீம்.

என் தொட்டி பெரிதென்று இவனுக்கு வயிற்றெரிச்சல் என நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாளே மாமல்லபுரத்துக் கடல்நீரைக் கேன்களில் கொண்டுவந்து நிரப்பி, கடையில் வாங்கிய இரண்டு கடல்மீன்களையும் விட்டேன்.

சாயங்காலம் ஒட்டு விட்டுப்போனது. தண்ணீர் மொத்தமும் பால்கனி வழியாக, கீழே வாசலில் நின்ற ரஹீமின் தலையில் இறங்கியது. மீன்கள் தரையில் துள்ளின.

சற்று நேரத்தில் சொட்டச் சொட்ட மேலே வந்தான். எந்தக் கெட்ட வார்த்தையில் தொடங்குவானோ என்று நடுங்கினேன். அவன் கையில் ஒரு வாளி. அதில் அவன் தொட்டியிலிருந்தே மொண்ட கடல்நீர். இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"மச்சான், உன் தலையெல்லாம்..." என்று இழுத்தேன்.

"அத்த வுடு. மீனு எங்க கீது?"